புகழும் நிலைபேறும்

மலேசியத்திலும் சிங்கப்பூரிலும் ‘பி. ரம்லி’ என்னும் பெயரை அறியாதார் இலர். ஆயினும் அப்பெயரின் முன்னே நிற்கும் ‘பி’ என்னும் எழுத்து எதனைக் குறிக்கின்றது என்று வினவினால், விடை கூறத் தயங்குவோர் பலர். அவர்தம் தந்தையார் பெயர் தெயுக்கு ஞாக் பூத்தே. சுமத்திராத் தீவின் அச்சே நிலத்திலிருந்து வந்து பினாங்கில் குடியேறியவர். மகனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு சக்காரியா. கலையுலகில் கால் வைத்த இளைஞர் ‘ரம்லி’ என்று பெயர் பூண்டு, தந்தை பெயரின் முதலெழுத்தை அதன்முன் அமைத்துக் கொண்டார். மலாய்க்காரரிடையே அந்நாளில் அருகியும், நம்மவரிடையே பெருகியும் வழங்கிய முறை அது. ஓரெழுத்துத்தானே என்று நாம் அதனைக் கடந்து போகலாம். ஆயினும் பிறர் முறையைத் தயங்காது ஏற்று, அதனைத் தமதாக்கிக் கொள்ளும் அவருடைய இயல்பை அவ்வோரெழுத்தே நமக்குச் சொல்லி விடுகின்றது.

புகழ் வேறு, நிலைபேறு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் நம்மில் மிகுதி. புகழ் வந்தால் நிலைபேறும் உடன்வரும் என்று எண்ணுகின்றோம். புகழ் போனால் எல்லாம் போயிற்று என்று சோர்கின்றோம். இம்மயக்கத்தைத் தெளிவிப்பதற்குப் பி. ரம்லியின் வாழ்வைப்போல் பொருத்தமான சான்று இம்மண்ணில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய புகழ் அவர் கண்ணெதிரே வளர்ந்தது. அவர் கண்ணெதிரேயே தேய்ந்தது. அவருடைய நிலைபேறோ, அவர் கண் மூடிய பின்னரே தலைகாட்டிற்று.

22.3.1929-இல் பினாங்கில் பிறந்தவர் ரம்லி. மலாய்ப் பள்ளியில் தொடங்கிய அவர் கல்வி, பின்னர் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடர்ந்தது. போர் வந்தது, ஆங்கிலேயர் போயினர், சப்பானியர் வந்தனர். அவர்கள் நடத்திய கடற்படைப் பள்ளியிலும் அவர் பயின்றார். கல்வி இவ்வாறு தடைப்பட்டும் தொடர்ந்தும் சென்ற காலத்தில், தடையின்றி வளர்ந்தது இசை ஒன்றே. உக்குலேலே, கிட்டார், வயலின் என ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளைப் பழகினார். தம் கம்பத்து இளைஞர்களைச் சேர்த்துக் கொண்டு திருமண வீடுகளிலும் விழாக்களிலும் பாடினார். போர் முடிந்த பின்னர், பினாங்கு வானொலியின் பாட்டுப் போட்டியில் ஆண்டுதோறும் முயன்று, 1947-இல் முதலிடம் பெற்றார்.

அந்நாளைய பினாங்கு எத்தகைய ஊர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பார்சி நாடகக் குழுவினர் கப்பலேறி வந்து ஆடிய நாடகங்களைக் கண்டு, பங்சாவான் என்னும் மலாய் மேடை நாடகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி வளர்ந்தது அவ்வூரிலேதான். ஒரு தெருவில் மலாய் சோகேட், அடுத்த தெருவில் சீனக் கூத்து, அதற்கடுத்த தெருவில் நம்மவர் நாதசுவரம், துறைமுகத்தில் இறங்கும் மாலுமிகளிடம் மேலைநாட்டு இசைத்தட்டு என்று பலவகை ஒலிகள் கலந்த காற்றை மூச்சாக உண்டு வளர்ந்த பிள்ளை அவர். ஒரு காதைப் பொத்திக் கொண்டு மறு காதால் மட்டும் கேட்பவராக அவர் இருந்திருந்தால், நாம் இன்று இவ்வாறு பேசுவதற்கு இடமே இராது.

1948-இல் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்னும் இந்திய இயக்குநர், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மேடையில் இவர் பாடக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தார். அங்கே, ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. முதலாளிகள் சீனர், இயக்குநர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தோர், நடிகர்கள் மலாய்க்காரர். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் என்று அங்கே பணியாற்றிய இந்தியரின் பட்டியல் நீளும். ஆடலும் பாடலும் கண்ணீரும் கலந்து கதை சொல்லும் நம் நாட்டுத் திரைமரபு மலாய்ப் படங்களில் ஊறியது அவர்கள் வழியாகவே.

‘சிந்தா’ என்னும் படத்தில் எதிர்நாயகனாகத் தோன்றியும், கதாநாயகனுக்குப் பின்னணி பாடியும் ரம்லி தம் வாழ்வைத் தொடங்கினார். தாம் பாடிய பாட்டுக்கு மற்றொருவர் வாயசைக்க, தாம் மறைவில் நின்ற காலம் அது. கதாநாயகன் என்றால் இப்படித்தான் இருத்தல் வேண்டும் என்று அந்நாளைய திரையுலகம் வகுத்திருந்த அழகு அவர் முகத்தில் இல்லை. சென்னை மாநிலத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த எல். கிருஷ்ணன் என்னும் இளம் இயக்குநரே, 1950-இல் ‘பக்தி’ என்னும் படத்தில் இவரைக் கதாநாயகனாக்கினார். முகத்தைப் பாராது திறத்தைப் பார்த்த அந்தத் தமிழர்க்கு மலாய்க் கலையுலகம் கடன்பட்டிருக்கின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதன்பின் ஏறுமுகந்தான். 1955-இல் ‘பெனாரெக் பெச்சா’ என்னும் படத்தில், திரிசக்கர வண்டி இழுக்கும் ஏழையாக நடித்ததோடு, முதன்முறையாகத் தாமே இயக்கவும் செய்தார். 1956-இல் ஹாங்காங்கில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில், ‘ஹாங் துவா’ படத்திற்கு அமைத்த இசைக்காகப் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு தோக்கியோவில், ‘அனாக்கு சசாலி’ என்னும் படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இரு வேடம் பூண்டமைக்காகச் சிறந்த நடிகர் என்னும் சிறப்பு அவரை வந்தடைந்தது. நடித்தவை அறுபதுக்கு மேற்பட்ட படங்கள். இயக்கியவை முப்பதுக்கு மேற்பட்டவை. இசையமைத்த பாடல்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. இத்தனையும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்!

நான் பிறந்தது தென் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். திங்களுக்கொரு முறை தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவர். பெரும்பாலும் தமிழ்ப் படமே வரும். எப்போதாவது மலாய்ப் படமும் வரும். ‘அனாக்கு சசாலி’யை நான் முதன்முதல் கண்டது அத்திடலில், பாயில் அமர்ந்துதான். தாயற்ற மகனை அளவு மீறிச் செல்லங்கொடுத்து வளர்க்கின்றார் ஓர் இசைக் கலைஞர், மகன் தீயவனாகின்றான், இறுதியில் தந்தையே அவனைக் காவலர் கையில் ஒப்படைக்கின்றார். இதுவே கதை. சந்தையில் மீன் வாங்குவதற்கு வேண்டிய மலாய் மட்டுமே என் அன்னையார் அறிவார். ஆயினும் அன்றிரவு லயத்துக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவர் முன்றானையால் கண்ணைத் துடைத்தவண்ணம் வந்தார். “என்னம்மா, உனக்குப் பேச்சே புரியாதே?” என்று நான் கேட்டேன். “பெத்தவன் அழுவுறதுக்குப் பேச்சு என்னடா வேணும்?” என்றார். என் தந்தையாரோ, மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படுமுன் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, முந்தைய இரவு கேட்ட மெட்டைச் சொல்லின்றி முணுமுணுத்துக் கொண்டிருந்தார்.

மொழி புரியாத இருவர் நெஞ்சில் அப்பாட்டு எவ்வாறு புகுந்தது? பின்னாளில் ஆசிரியனான பிறகு இவ்வினாவை நான் பன்முறை எண்ணியதுண்டு. எனக்குத் தோன்றும் விடை இது. அவர் எங்கிருந்தும் கொள்ளத் தயங்கவில்லை. கொண்டதை அப்படியே கொட்டவும் இல்லை. மலாய் மண்ணின் அஸ்லி, இனாங், சோகேட் ஆகியவற்றின் நடை ஒருபால். சாவகத்தின் குரோஞ்சோங் ஒருபால். ஆர்மோனியமும் தபலாவும் ஒலிக்கும் கசல் ஒருபால். கியூபாவின் ரும்பா, மேலைநாட்டின் துவிஸ்ட் ஆகியன மற்றொருபால். இவை யாவும் அவரிடம் வந்து சேர்ந்தன. ஆயினும் அவை வெளிப்படும்போது மலாய்ப் பாட்டாகவே வெளிப்பட்டன. ஆறுகள் பல கலந்தும் கடல் தன் உப்பை இழப்பதில்லை அன்றோ?

மற்றொன்றும் உண்டு. அப்பாடல்களின் சொற்கள் எளியவை. எஸ். சுடர்மாஜி, ஜாமில் சூலோங் முதலியோர் எழுதித் தந்த வரிகளில், கம்பத்துக் கிழவியும் அறியாத அருஞ்சொல் மிகுதியாக இராது. 1960-இல் வந்த ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ படத்தின் ‘கெத்தாரான் ஜீவா’ என்னும் பாடலை எடுத்துக் கொள்வோம். உயிரின் அதிர்வு என்று அத்தொடரைத் தமிழில் கூறலாம். இசை என்பது என்ன, அது நெஞ்சை என்ன செய்கின்றது என்பதே அதன் பொருள். மெய்ப்பொருளியல் நூலொன்றில் பக்கம் பக்கமாக விரித்துரைக்க வேண்டியதை, தாலாட்டுப்போல் மென்மையாகப் பாடி முடித்து விடுகின்றார். எளிமை என்பது வறுமையன்று. நிறைவின் வேறு பெயர் அது.

ஆசிரியப் பெருமக்கள் காணத்தக்க படமொன்றும் அவருடையவற்றுள் உண்டு. 1959-இல் வெளிவந்த ‘பெண்டேக்கார் புஜாங் லாப்போக்’ என்னும் நகைச்சுவைப் படம் அது. வயது முதிர்ந்த மூன்று கட்டை பிரம்மச்சாரிகள் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்கச் செல்கின்றனர். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டு, முடிவில் அவற்றோடு தொடர்பே இல்லாத வேறொரு சொல்லை உரக்கக் கூறுகின்றனர். வகுப்பறையில் அக்காட்சியை வாழ்நாள் முழுதும் நேரில் கண்டுவரும் நாம் சிரிக்காமலிருக்க இயலுமா? அச்சிரிப்பினூடே, எழுத்தறியாதவர் எழுத்தறிய விழையும் ஏக்கத்தை அவர் எள்ளி நகையாடாமல் காட்டியிருப்பதை நான் மிக மதிக்கின்றேன்.

இனி, புகழ் தேய்ந்த கதைக்கு வருவோம். 1964-இல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரை அடைந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியைத் தொடர்ந்தார். ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. 1963-இல் தொடங்கிய இந்தோனேசியப் பகைமையால் மலாய்ப் படங்களுக்கு அந்நாட்டுச் சந்தை மூடிற்று. தொலைக்காட்சி அதே ஆண்டில் இந்நாடுகளில் கால் வைத்தது. வண்ணப் படங்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து குவிய, இவர் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்துக் கொண்டிருந்தார். ஜாலான் அம்பாஸ் நிலையமும் 1967-இல் மூடப்பட்டது. பீட்டில்ஸ் குழுவினரின் ஆரவாரத்தில் மயங்கிய இளைஞர், மின்கிட்டார் ஏந்திப் ‘பாப் யே யே’ என்னும் புதுப்பாட்டில் திளைத்தனர். 1964-இல் ‘தீகா அப்துல்’ படத்தில் ‘புன்யி கித்தார்’ என்று துவிஸ்ட் மெட்டில் பாடி இளைஞரை ஆட வைத்தவர் இவர். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் இவரையே பழையவர் என்று ஒதுக்கினர். படங்கள் ஓடவில்லை, இசைத்தட்டுகள் விற்கவில்லை, கையில் பொருள் தங்கவில்லை.

1962-இல் அவர் எடுத்த ‘இபு மெர்துவாக்கு’ என்னும் படத்தை இன்று காணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. சாக்சபோன் இசைக்கும் காசிம் செலாமாட் என்னும் கலைஞனை, அவன் இசைக்கலைஞன் என்பதற்காகவே இகழ்கின்றாள் செல்வச் சீமாட்டியாகிய மாமி. மனைவி இறந்தாள் என்ற பொய்யைக் கேட்டு அழுதழுது அவன் கண்ணிழக்கின்றான். பாட்டைக் கேட்டு மகிழும் சமுதாயம், பாடுகின்றவனுக்குத் தன் வீட்டில் இடந்தரத் தயங்கும் கொடுமையை அப்படம் கூறுகின்றது. அடுத்த பத்தாண்டில் தமக்கு நேரவிருப்பதையே அவர் முன்கூட்டி எழுதி வைத்தாரோ என்று ஐயுறத் தோன்றுகின்றது. 1972-இல் வந்த ‘லக்சமானா டோ ரே மீ’ அவருடைய கடைசிப் படமாயிற்று. 29.5.1973-இல் மாரடைப்பால் அவர் மறைந்தபோது அகவை 44. ஜாலான் அம்பாங் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். 1982-இல் கோலாலம்பூரின் பேரி சாலை ஜாலான் பி. ரம்லி ஆயிற்று. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த இல்லம், 1986-இல் நினைவு நூலகமாகத் திறக்கப்பட்டது. 1990-இல் ‘தான் ஸ்ரீ’ விருது வழங்கினர். அவ்விருதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. வாழ்விலும் பாட்டிலும் துணைநின்ற மனைவியார் சலோமாவும் 1983-லேயே மறைந்துவிட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பழமொழி. கலைஞனின் செய்தியோ வேறு. இருந்தபோது அவனுக்குச் செப்புக்காசும் அரிது. இறந்த பின்னரே ஆயிரம் பொன்.

சாலைப் பெயரும் விருதும் அவரை நிலைநிறுத்தின என்று நான் கூற மாட்டேன். பெயர்ப் பலகைகள் ஆயிரம் இருப்பினும், அவற்றுக்குரியோர் யாவர் என்று நாம் அறிவதில்லையே! அவரை நிலைநிறுத்தியவர்கள் எளிய மக்கள். அவருடைய சந்தையைக் குலைத்தவற்றுள் ஒன்றான அதே தொலைக்காட்சி, அவர் மறைந்த பின்னர் அவருடைய பழைய படங்களை மீண்டும் மீண்டும் காட்டிற்று. அவர் இறந்தபின் பிறந்த பிள்ளைகள் அவற்றைக் கண்டு சிரித்தனர், அழுதனர், பாடல்களை மனப்பாடம் செய்தனர். திருமண வீடுகளில் பாடினர். இளைய பாடகர்கள் அம்மெட்டுகளைப் புதுக் கருவிகளோடு பாடிப் பதிந்தனர். கட்டளையிட்டு எவரும் இதனைச் செய்விக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். நல்ல குரல் உடையவன். தானே தமிழில் பாட்டெழுதி மெட்டமைப்பவன். சேமித்த பணத்தையெல்லாம் செலவிட்டுப் பாடல்களைப் பதிவு செய்தான். வாங்குவோர் இலர், ஒலிபரப்புவோர் இலர். இசைப்பலகையை விற்றுவிட்டதாகச் சொன்னான். பிறகு, தரையைப் பார்த்தவாறே, “ஐயா, யாரும் கேக்காத பாட்ட யாருக்காகப் பாடுறது?” என்று வினவினான். நாளை புகழ் வரும் என்று பொய் கூறி அவனைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. ரம்லியின் கடைசி ஆண்டுகளை அவனுக்கு எடுத்துரைத்தேன். “தம்பி, அவருக்கும் கேட்பார் இல்லாத காலம் இருந்தது. அவர் பாட்டு கெட்டுப்போனதால் அன்று. காது திரும்பிக் கொண்டதால். காது என்றேனும் மறுபடி திரும்பும். அப்போது பாட்டு இருக்க வேண்டுமல்லவா?” என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. விடைபெறும்போது, ‘கெத்தாரான் ஜீவா’ என்பதை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டு எழுதிக் கொண்டான். இன்று அவன் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்கின்றான். அவற்றுள் அவன் எழுதியவையும் சில உண்டு என்று கேள்வியுற்றேன்.

தமிழ் கற்பிப்போர் மலாய்க் கலைஞர் ஒருவரைப் பற்றி ஏன் இத்துணை நீளப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு என் விடை இரண்டு. பிறர் கலையைக் காது கொடுத்துக் கேட்பவனே தன் கலையை வளர்க்க வல்லவன் என்பதற்கு அவர் சான்று. அவரை முதலில் கதாநாயகனாக்கித் திரையில் நிறுத்தியவர் ஒரு தமிழர் என்பதும் அதற்குச் சான்று. இது முதல் விடை. மற்றொன்று, நமக்கே உரிய கவலையைச் சார்ந்தது. நம்மிடையேயும் எழுதுவோர் உளர், பாடுவோர் உளர். கைப்பொருள் செலவிட்டு நூல் அச்சிட்டு, அதனை வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருப்போர் உளர். அவர்களுக்குச் சாலைப் பெயர் சூட்டும் ஆற்றல் நமக்கில்லை. விருது வழங்கும் அதிகாரமும் இல்லை. ஆயினும் நிலைபேறு தரும் ஆற்றல் நம் கையிலேயே இருக்கின்றது. ஒரு பாட்டை ஒரு வகுப்பில் பாடச் செய்தால், முப்பது வாய்கள் அதனை முப்பது வீடுகளுக்குக் கொண்டு செல்லும். அவ்வீடுகளுள் ஒன்றில், கத்தி தீட்டும் தந்தை ஒருவர் அதனை முணுமுணுக்கக் கூடும். எழுதியவர் உயிரோடிருக்கும்போதே அவர் செவியில் அவ்வொலி விழுமானால், அதனினும் பெரிய விருது வேறில்லை.